கடல் முதல் நாளே திறக்கும், காடு ஆறு மாதம் காக்க வைக்கும்: கனடா சமவெளியை விட்டு வான்கூவர் தீவுக்குக் குடிபோகும் முன் யோசிக்க வேண்டியது என்ன?

வெளியே மைனஸ் 30 டிகிரி. உறைந்து கிடக்கும் ஏரியின் மேல் ஒரு சின்னக் கொட்டகை. உள்ளே குட்டி ஹீட்டர், ஐஸில் ஒரு துளை, அதில் தொங்கும் தூண்டில். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை பலருக்கு இப்படித்தான் போகும்.

அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்து போனைத் திறந்தால் ஒரு வீடியோ வருகிறது. அதே நாடு, அதே ஜனவரி. மேற்குக் கரையில் ஒருவர் மழைக்கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு படகில் நின்று சால்மன் மீனைத் தூக்கிக் காட்டுகிறார். அங்கே வெப்பநிலை பிளஸ் 6. தண்ணீர் உறையவே இல்லை.

'பேசாம அங்கேயே போயிடலாமா?'

கனடாவின் சமவெளி மாகாணங்களில் வேட்டையும் மீன்பிடியுமாக வாழும் பலருக்கு ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இது. ரிட்டயர்மென்ட் நெருங்கும்போது இன்னும் சத்தமாகவே வரும். அவர்கள் கை காட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வான்கூவர் தீவு.

போவது புத்திசாலித்தனமா? போனால் என்ன கிடைக்கும், எதை இழக்க வேண்டியிருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எந்த இடம் எங்கே இருக்கு?

கனடா என்றதும் தமிழர்களுக்கு டொரண்டோதான் நினைவுக்கு வரும். அது கிழக்கே இருக்கிறது. இந்தக் கதை நடப்பது நடுவிலும் மேற்கிலும்.

ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா ஆகிய மூன்று மாகாணங்களைத்தான் 'ப்ரேரி' மாகாணங்கள் என்கிறார்கள். தெற்குப் பகுதி முழுக்கக் கோதுமை, கனோலா வயல். வடக்கே போகப் போகக் காடும் ஏரியும்.

ராக்கி மலைகளைத் தாண்டினால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அதன் கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் நீளமாகப் படுத்திருப்பதுதான் வான்கூவர் தீவு. நீளம் சுமார் 460 கிலோமீட்டர், பரப்பளவு 31,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள்தொகை எட்டரை லட்சத்தைத் தாண்டும்.

இங்கே பலர் குழம்பிப் போவார்கள். வான்கூவர் நகரம் வான்கூவர் தீவில் இல்லை! அது எதிர்க்கரையில் இருக்கிறது. தீவில் இருப்பது மாகாணத் தலைநகர் விக்டோரியா, நனைமோ, கேம்ப்பெல் ரிவர், போர்ட் ஆல்பர்னி, டொஃபினோ போன்ற ஊர்கள்.

இன்னொரு விளக்கமும் தேவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்குத் தடை இருக்கிறது. கனடாவில் அப்படியில்லை. லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்கு உட்பட்டு வேட்டையாடலாம். பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும் இறைச்சியே இதுதான்.

ஏன் கிளம்ப நினைக்கிறார்கள்?

காரணம் நம்பர் ஒன், குளிர். ரெஜைனா, வினிபெக் போன்ற நகரங்களில் ஜனவரி மாத சராசரி வெப்பநிலையே மைனஸ் 15ஐ ஒட்டி இருக்கும். மைனஸ் 40 வரை இறங்கும் நாட்களும் உண்டு. விக்டோரியாவில் அதே மாதம் சராசரி பிளஸ் 5 டிகிரி அளவில் இருக்கும்.

காரணம் நம்பர் டூ, வருஷம் முழுக்க வெளியே சுற்றலாம். ப்ரேரியில் படகு ஓட்ட ஐந்தாறு மாதம்தான். மற்ற நேரம் அது கொட்டகையில் தூங்கும். தீவில் டிசம்பரிலும் படகை இறக்கலாம். காலையில் கடலில் மீன் பிடித்துவிட்டு மதியம் மவுண்ட் வாஷிங்டனில் பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று தீவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் அது நடக்கக்கூடிய விஷயம்தான்.

காரணம் நம்பர் த்ரீ, அழகு. 1911இல் உருவான, மாகாணத்தின் முதல் மாகாணப் பூங்காவான ஸ்ட்ராத்கோனா இங்கேதான் இருக்கிறது. தீவின் மிக உயர்ந்த சிகரம் கோல்டன் ஹிண்ட், 2,195 மீட்டர். மேற்குக் கரையில் 75 கிலோமீட்டர் நீளமுள்ள வெஸ்ட் கோஸ்ட் டிரெய்ல் என்ற நடைபாதை உலகம் முழுக்கப் பிரபலம்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் இதெல்லாம் ஜூலை மாதம் டூரிஸ்டாகப் போனாலே தெரிந்துவிடும். குடியிருந்து பார்த்தால்தான் தெரியும் விஷயங்கள் வேறு.

குளிர் போகும், மழை வரும்

ரெஜைனாவில் ஸ்னோவையும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழைப்பொழிவு. தீவின் மேற்குக் கரையில் இருக்கும் டொஃபினோவில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டும்.

தீவு முழுக்க இப்படியா? இல்லை. விக்டோரியா நகரில் சுமார் 600 மில்லிமீட்டர்தான். பசிபிக்கிலிருந்து வரும் மேகம் மலைகளில் மோதி மேற்குப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்கு மறைவில் இருக்கும் தென்கிழக்குக் கரைக்கு மிச்சம் மீதிதான். ஆக, 'தீவுக்குப் போறோம்' என்பது முழுப் பதில் இல்லை. தீவில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

ப்ரேரிக்காரர்களைக் கவிழ்ப்பது மழையின் அளவைவிட வெளிச்சம் இல்லாததுதான். ப்ரேரியில் மைனஸ் 30 என்றாலும் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். தீவில் நவம்பர், டிசம்பர் வாரக்கணக்கில் சாம்பல் நிறமாகவே போகும். காய்ந்த குளிரில் பழகிய உடம்புக்கு 4 டிகிரி ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். ப்ரேரியில் போட்ட கனமான குளிர்கால ஜாக்கெட் இங்கே உதவாது. நல்ல மழை உடுப்பு வாங்கியே ஆக வேண்டும்.

துப்பாக்கி ஆறு மாதம் பீரோவில்!

வீட்டைக் காலி செய்யும் தேதியை முடிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேட்டைக்கு 'மாகாணவாசி' என்ற தகுதி வேண்டும். கனடா குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவராகவோ இருந்தால் மட்டும் போதாது. முதன்மை வீடு அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் 6 மாதங்கள், ஒவ்வொரு மாதத்திலும் பெரும்பகுதி நாட்கள், அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தகுதி வரும்வரை என்ன செய்யலாம்? மான், கரடி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டுமென்றால் லைசென்ஸ் பெற்ற கைடு கூட வர வேண்டும். அல்லது அனுமதி வாங்கிய உள்ளூர்வாசி ஒருவர் கூட வர வேண்டும். கைடு என்றால் ஆயிரக்கணக்கில் டாலர் செலவு.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் ஜூலை 1ஆம் தேதி தீவில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆறு மாதம் முடிவது டிசம்பர் கடைசியில். மான் சீசன் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். முதல் சீசன் அப்படியே போச்சு. பழைய ஊருக்குத் திரும்பிப் போய் வேட்டையாடலாமா? வீட்டைக் காலி செய்துவிட்டதால் அங்கேயும் அவர் இப்போது வெளியூர்க்காரர். இரண்டும் கெட்டான் நிலைமை.

அதே ஆள் நவம்பரில் ப்ரேரி சீசனை முடித்துவிட்டு, குளிர்காலத்திலேயே கிளம்பி, பிப்ரவரி இறுதிக்குள் தீவுக்கு வந்துவிட்டால்? செப்டம்பர் சீசனுக்கு முன்பே ஆறு மாதம் முடிந்துவிடும். ஒரு சீசன்கூட வீணாகாது. வித்தியாசம் வெறும் தேதிதான்.

பேப்பர் வேலைகளும் இருக்கு. மாகாணத்தின் மீன், வனவிலங்கு அடையாள எண் வாங்க வேண்டும். 'கோர்' எனப்படும் வேட்டைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது வேறு மாகாணத்தில் பயிற்சி முடித்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் மத்திய அரசுடையது என்பதால் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் முகவரி மாறியதை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

எந்த விலங்கு இருக்கு, எது இல்லை?

ப்ரேரியில் வெள்ளை வால் மான், மியூல் மான், மூஸ் எனப்படும் ராட்சத மான், எல்க், கருங்கரடி, கூடவே வானத்தையே மறைக்கும் வாத்துக் கூட்டங்கள். வயல்களுக்கு நடுவே இருக்கும் குட்டைகளில்தான் வட அமெரிக்காவின் காட்டு வாத்துகளில் பெரும்பங்கு குஞ்சு பொரிக்கிறது.

தீவில் மூஸ் கிடையாது. வெள்ளை வால் மானும் கிடையாது. இருப்பது கறுப்பு வால் மான். உருவத்தில் சின்னது. ஒரு மூஸ் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க இறைச்சி. கறுப்பு வால் மானில் அந்தக் கணக்கு வராது.

ரூஸ்வெல்ட் எல்க் தீவில் உண்டு. ஆனால் அதற்குக் குலுக்கல் முறையில் அனுமதி கிடைத்தால்தான். விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்தோடு முடிந்துவிடும் என்பதால், புதிதாக வருபவருக்கு முதல் வருஷம் பெரும்பாலும் கைநழுவும். அடுத்த வருஷங்களிலும் அதிர்ஷ்டம்தான். பல வருஷம் விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் நிறைய.

கருங்கரடி நிறையவே இருக்கு. பூமா அதிகம் வாழும் இடங்களில் ஒன்று என்ற பெயரும் தீவுக்கு உண்டு. நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு பெரிய வித்தியாசம், கண்ணுக்கு எட்டும் தூரம். ப்ரேரியில் ஒரு மேட்டில் ஏறிப் படுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மானும் தெரியும். தீவின் காட்டில் முப்பது மீட்டருக்கு அப்பால் பச்சைச் சுவர்தான். தேவதாரு, ஃபெர்ன் செடி, பாசி படிந்த விழுந்த மரம். இருபது வருஷ அனுபவம் உள்ளவரும் இங்கே புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேட் போட்ட காடு: இதற்குப் பின்னால் 140 வருஷக் கதை

பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 94 சதவீத நிலம் அரசு நிலம். அங்கே பொதுவாக யாரும் நடக்கலாம், முகாம் போடலாம். இதைக் கேட்டுவிட்டு வருபவர்களுக்குத் தீவில் ஒரு ஷாக் காத்திருக்கு. கிழக்குப் பக்கக் காட்டுச் சாலைகளில் பல இடங்களில் பூட்டிய கேட்!

காரணம் 1880களில் இருக்கிறது. எஸ்குவிமால்ட்டிலிருந்து நனைமோவுக்கு ரயில் பாதை போட, நிலக்கரி முதலாளி ராபர்ட் டன்ஸ்மியர் தலைமையிலான குழுவுக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலம் தரப்பட்டது. தீவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அது. 1886 ஆகஸ்ட் மாதம், அன்றைய பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே வந்து கடைசி ஆணியை அடித்தார். பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அவர்களைக் கேட்காமலே இப்படிக் கைமாறியது. அந்த நிலத்தின் பெரும்பகுதி பின்னர் தனியார் மர நிறுவனங்களின் கைக்குப் போனது.

அதனால்தான் இன்று மான் இருக்கும் மலை கண்முன்னே தெரிந்தாலும், அதற்குப் போகும் சாலை வார இறுதியில் மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள்.

ப்ரேரி மட்டும் ஃப்ரீயா என்று கேட்டால், அங்கேயும் நிலைமை மாறிவிட்டது. சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல், போர்டு வைக்காத தனியார் நிலமாக இருந்தாலும் முன் அனுமதி வாங்கியே நுழைய வேண்டும். ஆனால் ப்ரேரியில் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். விவசாயி வீட்டுக் கதவைத் தட்டலாம், ஒரு காபி குடிக்கலாம், அடுத்த வருஷமும் போகலாம். இருபது வருஷம் தட்டிச் சம்பாதித்த பத்துக் கதவுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. குடிபெயர்பவர் இழக்கும் சொத்துகளில் இதுதான் பெரியது. எந்தக் கணக்கிலும் எழுதப்படாததும் இதுதான்.

கடல்: முதல் நாளே லைசென்ஸ் கிடைக்கும், ஆனால்…

கடலுக்கு அந்த ஆறு மாதக் காத்திருப்பு இல்லை. கடல் மீன்பிடி மத்திய அரசின் மீன்வளத் துறையின் கீழ் வருகிறது. கனடாவில் வசிக்கும் யாராக இருந்தாலும் உள்நாட்டுக் கட்டணத்தில் லைசென்ஸ் எடுக்கலாம். லைசென்ஸ் ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கூடுதலாக சால்மன் ஸ்டாம்ப் வாங்க வேண்டும். ஏரி, ஆறு என்றால் மாகாண லைசென்ஸ் தனி.

சினூக், கோஹோ, சாக்ஐ, பிங்க், சம் என ஐந்து வகை சால்மன். அது போக ஹாலிபட், லிங்காட், டன்ஜனஸ் நண்டு, இறால். மைனஸ் 30இல் ஐஸைத் துளைத்து வால்ஐ, பைக் மீன் பிடித்தவருக்கு இது வேறு உலகம். ஆனால் அந்த வால்ஐயும் பைக்கும் தீவு ஏரிகளில் கிடையாது. ஐஸ் மீன்பிடியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

கேம்ப்பெல் ரிவருக்குச் 'சால்மன் தலைநகர்' என்றே பட்டப்பெயர். அங்கே 1924இல் தொடங்கிய டையீ கிளப்பில் உறுப்பினராக வேண்டுமென்றால், மோட்டார் இல்லாமல் துடுப்புப் போடும் படகில் போய் 30 பவுண்டுக்கு மேல் எடையுள்ள சினூக்கைப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு பாரம்பரியம்.

ஆனால் வீடியோக்களில் வராத பக்கம் ஒன்று இருக்கு. ஃப்ரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சினூக் கூட்டங்களில் ஆய்வு செய்யப்பட்ட 13 பிரிவுகளில் 12 ஆபத்து அல்லது கவலைக்குரிய நிலையில் இருப்பதாக நிபுணர் குழு சொன்னது. அதையடுத்து 2019இல் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. தெற்குக் கடற்பகுதிகள் பலவற்றில் ஏப்ரல் முதல் ஜூலை வரை சினூக்கைப் பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றானது. ஒருவருக்கு ஆண்டு வரம்பு 30 மீனிலிருந்து 10 ஆகக் குறைந்தது. அந்தக் கடலில் வாழும், எண்ணிக்கை நூறுக்கும் கீழே போய்விட்ட ஓர்கா திமிங்கிலக் கூட்டம் ஒன்றுக்கும் இதே சினூக்தான் சாப்பாடு.

மீனைப் பகிர்வதில் ஒரு வரிசையும் உண்டு. மீன்வளப் பாதுகாப்பு முதலில். அடுத்து பூர்வகுடி மக்களின் உணவு, சடங்குத் தேவை. அதன்பிறகே மற்றவர்கள். கனடா உச்ச நீதிமன்றம் 1990இல் ஸ்பாரோ வழக்கில் உறுதி செய்த நிலைப்பாடு இது. புதிதாக வருபவர் வரிசையின் கடைசியில் சேர்கிறார் என்பதைப் புரிந்துகொண்டே வர வேண்டும்.

விதிகள் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அந்தக் கடற்பகுதி திறந்திருக்கா என்று பார்க்க வேண்டும். முக்கியமாகக் கிளிஞ்சல், சிப்பி எடுப்பவர்கள். நச்சுப்பாசி இருக்கும் நேரத்தில் எடுத்த சிப்பியைச் சமைத்தாலும் விஷம் போகாது. உயிருக்கே ஆபத்து.

ஏரிப் படகு கடலுக்கு ஆகுமா?

ப்ரேரியில் 14 அடி அலுமினியப் படகு பெரும்பாலான வீட்டில் இருக்கும். உள்புற விரிகுடாக்களில், காற்றில்லாத நாளில் அது ஓடும். திறந்த பசிபிக்கில்? கூடவே கூடாது. அலை, நீரோட்டம், திடீர் மூடுபனி, ஏற்ற இறக்கம் எல்லாம் ஏரியில் பார்க்காதவை. தண்ணீர் கோடையிலும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும் இடங்கள் உண்டு. விழுந்தால் நீச்சல் தெரிந்தும் சில நிமிடங்களில் கைகால் வேலை செய்யாது. லைஃப் ஜாக்கெட், ரேடியோ, வானிலை அறிக்கை மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது. உப்புத் தண்ணீர் இன்ஜினையும் டிரெய்லரையும் அரிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும்.

படகை இழுத்துக்கொண்டு வரும் வழியிலும் ஒரு சோதனை. மாகாணத்துக்குள் நுழையும் சாலைகளில் படகுச் சோதனை மையங்கள் இருக்கும். திறந்திருந்தால் நின்றே ஆக வேண்டும். மனிடோபாவின் வினிபெக் ஏரியில் 2013இல் கண்டறியப்பட்ட ஜீப்ரா மஸ்ஸல் என்ற குட்டிச் சிப்பி தங்கள் ஏரிகளுக்கும் வந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. 2024 மே முதல், படகின் வடிகால் அடைப்பைக் கழற்றிய பிறகுதான் சாலையில் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஃப்ரீசரில் மான் இறைச்சி இருந்தால் அதுவும் கவனம். ப்ரேரி மான்களிடையே பரவியிருக்கும் நாள்பட்ட மெலிவு நோயைத் தடுக்க, தலை, முதுகெலும்போடு மான் உடலைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. எலும்பு நீக்கி, வெட்டிப் பொட்டலம் கட்டியதாக இருக்க வேண்டும்.

வீடு, வரி, டாக்டர்

விக்டோரியா பகுதியில் தனி வீட்டின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ரெஜைனாவில் அதில் பாதிக்கும் குறைவான விலையில் வீடு கிடைக்கும். போர்ட் ஆல்பர்னி, கேம்ப்பெல் ரிவர் போன்ற ஊர்களில் விலை குறைவு என்றாலும் ப்ரேரி விலைக்கு வராது.

வீடு வாங்கும்போது சொத்து மாற்று வரி வேறு. முதல் 2 லட்சம் டாலருக்கு 1 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 2 சதவீதம். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 14,000 டாலர் ஆகிறது. ஆல்பர்ட்டாவில் இப்படி ஒரு வரியே இல்லை. மாகாண விற்பனை வரியும் அங்கே கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 7 சதவீதம்.

ஐம்பது, அறுபது வயதில் போகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான கேள்வி, குடும்ப டாக்டர். மாகாணத்தில் சுமார் 10 லட்சம் பேருக்குக் குடும்ப டாக்டர் இல்லை என்று 2022இல் பெரிய விவாதமே நடந்தது. தீவில் வயதானவர்கள் அதிகம் என்பதால் போட்டியும் அதிகம். குவாலிகம் பீச் கனடாவிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமுள்ள ஊர்களில் ஒன்று. மாகாண மருத்துவக் காப்பீடு தொடங்க, வந்த மாதத்தின் மிச்ச நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை பழைய மாகாணத்தின் காப்பீடு தொடரும். அதை அவசரப்பட்டு ரத்து செய்யக் கூடாது.

வேலை தேடுகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். மரம், காகிதத் தொழில் சுருங்கிக்கொண்டே வருகிறது. கேம்ப்பெல் ரிவரின் எல்க் ஃபால்ஸ் காகித ஆலை 2010இல் நிரந்தரமாக மூடப்பட்டது. தீவில் வீட்டை வைத்துக்கொண்டு ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு விமானத்தில் போய் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தீவு என்றால் தீவுதான்

பாலம் கிடையாது. நிலப்பகுதியிலிருந்து காரோடு வர ஃபெர்ரிதான். முக்கிய வழித்தடங்களில் பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். புயல் அடித்தால் ரத்து. நீண்ட விடுமுறை வாரங்களில் முன்பதிவு இல்லாவிட்டால் மணிக்கணக்கில் காத்திருப்பு. ரெஜைனாவில் இருக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போக வேண்டுமென்றால் ஃபெர்ரிக்குப் பிறகு இன்னும் 1,700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

2021 நவம்பரில் பெய்த பேய்மழையில் வான்கூவர் பகுதியை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் நெடுஞ்சாலைகள் எல்லாமே துண்டிக்கப்பட்டன. 2023 ஜூனில் கேமரன் ஏரி அருகே காட்டுத்தீ பிடித்ததால் நெடுஞ்சாலை 4 இரண்டு வாரத்துக்கும் மேல் மூடப்பட்டது. போர்ட் ஆல்பர்னி, டொஃபினோ பக்கம் இருந்தவர்களுக்கு அந்த ஒரே நல்ல சாலையும் இல்லாமல் போனது.

பூகம்ப அபாயமும் இருக்கு. 1700ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இந்தக் கரைக்கு அப்பால் சுமார் 9 ரிக்டர் அளவில் பூகம்பம் ஏற்பட்டது. அதன் சுனாமி ஜப்பான் வரை போனது. 2004இல் தமிழகக் கரையைத் தாக்கிய சுனாமிக்குக் காரணமான அதே வகைப் பூகம்பம்தான். ஒரு கண்டத்தட்டு இன்னொன்றுக்குக் கீழே சரிவதால் வருவது. 1964இல் அலாஸ்கா பூகம்பத்தின் சுனாமி போர்ட் ஆல்பர்னிக்குள் புகுந்து வீடுகளை அடித்துச் சென்றது. கரையோரம் வீடு பார்ப்பவர்கள் சுனாமி வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

அப்போ யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

படகும் கடலும்தான் உயிர், குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வருஷத்தில் 12 மாதமும் வெளியே இருக்க வேண்டும் என்பவருக்குத் தீவு லாபம். நடைப்பயணம், முகாம், ஆற்றில் டிரவுட் பிடிப்பது என்று இருப்பவருக்கும் நல்ல இடம்.

மூஸ், வெள்ளை வால் மான், வாத்து வேட்டைதான் வாழ்க்கை என்பவருக்கு நஷ்டம். ஃப்ரீசரை நிரப்பும் நோக்கில் போகிறவர் ஏமாந்து போவார். ஒரு கிலோ சால்மனுக்குப் படகு, டீசல், லைசென்ஸ் செலவெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு என்று தோன்றும்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ப்ரேரி வீட்டை உடனே விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, தீவில் ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருந்து பார்ப்பது. அவசரப்பட்டு விற்றுவிட்டால், பிடிக்காமல் திரும்பும்போது ஃபெர்ரியும் லாரியும் தரகர் கமிஷனும் சேர்ந்து சேமிப்பில் பெரிய ஓட்டை போட்டுவிடும்.

கிளம்பும் முன் இந்த 5 விஷயம்

1. ஜூலையில் போய்ப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. நவம்பரில் மூணு வாரம் தங்கிப் பாருங்க. மழை பிடிச்சிருந்தா மட்டும் அடுத்த ஸ்டெப்.

2. குடிபோகும் தேதியை வேட்டை சீசனோடு வெச்சுப் பாருங்க. பிப்ரவரி இறுதிக்குள் வந்தால் செப்டம்பர் சீசன் கையில்.

3. ஊரை முடிவு செய்யும் முன் காட்டுச் சாலை வரைபடத்தைப் பாருங்க. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் திறந்த காடு இருக்கா, பூட்டிய கேட் இருக்கா?

4. படகை விற்பதா, கொண்டுவருவதா என்று கணக்குப் போடுங்க. முதல் சீசன் உள்ளூர் ஆள் ஒருவரின் படகில் போய்க் கடலைக் கத்துக்கிறது நல்லது.

5. வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேளுங்க. வேட்டையும் மீன்பிடியும் ஒருத்தருடைய ஆசை. டாக்டர் கிடைக்காததும், பேரப்பிள்ளை தூரமாகிப் போவதும், சாம்பல் வானமும் மொத்தக் குடும்பத்துக்கும்தான்.

தீவுக்கு வந்து மனசார வேரூன்றியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து கேம்ப்பெல் ரிவர் ஆற்றங்கரையில் குடியேறிய எழுத்தாளர் ரோட்ரிக் ஹெய்க்-பிரவுன், 1976இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மீன்பிடிப்பதைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர், பின்னாளில் அந்த மீன்களையும் ஆறுகளையும் காப்பாற்றப் போராடியவராகவே நினைக்கப்படுகிறார்.

ஐஸ் கொட்டகையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான். அந்த சால்மன் மட்டும்தான் வேணுமா? அதுக்கு ஒரு வாரம் லீவு போட்டுப் போய்ட்டு வந்தாலே போதும். மழை, கேட், வரிசையில் கடைசி இடம் எல்லாத்தோடும் அந்த ஊரே வேணுமா? அப்படின்னா பிப்ரவரியில் கிளம்பலாம்.